நடுத் திருகு

முதல் அடி யார் கொடுத்தது என்பதில், மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் அந்த ஒத்திகை அறை அப்படியே கண்ணில் நிற்கிறது.

மத்தியான வெயில் ஷட்டர் இடுக்கு வழியே ஒயர்களின் மேல் கோடு கிழித்திருக்கிறது. பேஸ் கிதார் வாசிக்கும் தம்பி, தன் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் கனத்த ஒலிக்கான திருகை மறுபடியும் ஏற்றுகிறான். தரை அதிர்கிறதே தவிர அவன் வாசிப்பது கேட்கவில்லை. அண்ணனின் லீட் கிதார் அதை விழுங்கிவிடுகிறது. "ஏண்டா, வாசிக்கிறியா, இல்ல கிதாருக்குச் சொறிஞ்சு விடுறியா? நாளைக்கு மேடைக்கு நீ வேணாம். கீபோர்டுக்கு ஆள் சொல்லிட்டேன், பேஸுக்கு அவன் இடது கையே போதும்" என்று அண்ணன் சிரிக்கிறான். தம்பியின் விரல் நுனி கிழிந்து கம்பி சிவந்திருக்கிறது. அவன் கனத்தைக் குறைத்து, கனத்துக்கும் கீச்சுக்கும் இடைப்பட்ட ஒலிக்கான, இதுவரை தொடாத நடுத் திருகை ஏற்றுகிறான். பிறகு நேராகப் போய் அண்ணனின் பெட்டியிலும் கனத்தை அடியோடு இறக்குகிறான். "என் பெட்டியில கை வைக்கிறியா நாயே!" தம்பியின் உதடு பிளக்கிறது, அண்ணனின் மூக்கில் கிதாரின் கழுத்து இறங்குகிறது, டிரம்ஸின் சிம்பல் தட்டு சரிந்து அலறுகிறது. "நீங்க அடிங்கண்ணே" என்கிறான் தம்பி, டிரம்ஸ்காரரிடம். அவர் நாலு தட்டு தட்டுகிறார். தம்பி வாசிக்க, பேஸின் ஒவ்வொரு சுரமும் சுவரில் ஆணி இறங்குவதுபோல் கேட்கிறது. அண்ணன் ரத்தம் சொட்டச் சொட்டக் கிதாரை எடுத்துச் சேர்ந்துகொள்கிறான். தம்பி இறக்கிவிட்ட திருகை மட்டும் தொடவில்லை.

கீபோர்டுக்காரன் வரவேயில்லை. டிரம்ஸ்காரர் பிறகு லாரி ஓட்டப் போனார். அண்ணனின் மூக்கு கோணலாகவே ஆறியது. அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷம் சேர்ந்து வாசித்தார்கள், பேசிக்கொள்ளவில்லை.