போட்டுக்கொடுத்தது யார்?

போதைப்பொருள் புகார்ப் பிரிவில் இளவேனிலுக்கு வேலை. பெயர் சொல்லாமல் யார் அழைத்தாலும், இயந்திரம் அவர்கள் குரலைச் செய்தி வாசிப்பவரின் குரலாக மாற்றிவிடும். ஆனால் வார்த்தைகளை, வசவுகளைக்கூட, அது மாற்றாது.

"நான் பெத்த நாறப்பய, இன்னைக்கு ஆபீஸ் விருந்துல ஒரு பிள்ளையோட ஜூஸ்ல மாத்திரையக் கலக்கப் போறான். போன்ல சிரிச்சுப் பேசுனத நானே கேட்டேன்," என்றது கம்பீரமான ஆண்குரல்.

இளவேனில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொழுந்தன் மகிழ்மாறனை அவளுடைய மாமியார் ஷர்மிளா பிறந்தநாளுக்கு வாழ்த்துவதும் 'நான் பெத்த நாறப்பய' என்றுதான்.

"எந்த ஆபீஸுங்க?" என்று தெரியாதவள்போல் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அந்தப் பெண் கிளாஸைத் தொடுவதற்கு முன்பே போலீஸ் மகிழ்மாறனைப் பிடித்துவிட்டது.

இளவேனில் வீடு திரும்பியபோது ஷர்மிளா வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டிருந்தாள். "எம்புள்ளையப் போட்டுக்கொடுத்தவன் வெளங்குவானா?"

அக்கம்பக்கத்தில் யாரும் மாமியாரைச் சந்தேகப்படக் கூடாதே என்று இளவேனிலும் சேர்ந்துகொண்டாள். "நாக்கு அழுகிப்போகும், அத்தை! கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்த ஆளிருக்காது!"

ஷர்மிளா அழுது வீங்கிய கண்களால் மருமகளை முறைத்தாள். பிறகு அவள் தோளில் சாய்ந்து, காதோடு சொன்னாள்.

"போதும்டி. நெசமாவே பலிச்சுடப் போகுது."