சீரான வேகம்

வாத்தியார் வேலையில் ஒரு கோடி கணக்காவது போட்டிருப்பேன். ஆனால் சீரான வேகத்தில் ஓடும் வண்டியைக் கடலூர் ரோட்டில் கண்டதே இல்லை.

தேவனாம்பட்டினத்தில் பக்கத்து வீட்டு மங்கம்மா போனோடு ஓடி வந்தாள். மூன்று மணிக்குச் சிதம்பரத்திலிருந்து பைக்கில் கிளம்பிய மகன் வினோத்குமார் போனை எடுக்கவில்லை. மேப்பில் அவனுடைய புள்ளி மட்டும் நகர்ந்தது.

“எப்ப சார் வருவான்?”

“பத்து நிமிஷத்துக்கு அஞ்சு கிலோமீட்டர். அப்போ முப்பது வேகம். நாலரைக்கு டான்னு வந்துடுவான். நீ போய் மீன் கொழம்ப வையி, நானும் சாப்புட வரேன்.”

ஆலப்பாக்கத்தில் முப்பது. முதுநகர் நெரிசலிலும் முப்பது. என் சிரிப்பு நின்றது.

நாலரைக்கு அவள் வீட்டு வாசலில் நின்றோம். தெருவில் யாருமில்லை. மேப்பில் புள்ளி எங்கள் இருவரையும் கடந்து, வீட்டுக்குள் நுழைந்து, பின்பக்க மணலில் இறங்கிக் கடலுக்குள் போனது.

மங்கம்மா போனை என் கையில் திணித்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, “டேய், நில்றா! அம்மாடா!” என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எங்க போயி நிக்கும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்க சார்!”

போனில் புள்ளி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஐந்து கிலோமீட்டர்.