அக்ரிலிக் தொட்டி

தம்பி அகிலன் இறந்த மறுமாதம், அவன் கேட்டு அழுத மீன்தொட்டியை வாங்க அம்மாவோடு ஏற்காடு கடைவீதிக்குப் போனேன்.

“ஊட்டுல கொழந்தை இருந்தா அக்ரிலிக் எடுங்க, ஒடையாது. இல்லீன்னா கண்ணாடியே போதுங்க,” என்றார் கடைக்கார நசீர் பாய்.

“கொழந்தை இல்லீங்க பாய்,” என்றேன்.

“நாலு வயசுப் பையன் இருக்கானுங்க,” என்றாள் அம்மா.

அக்ரிலிக் தொட்டிதான் வீட்டுக்கு வந்தது; கூடத்து மேசைமேல் வைத்தோம். அதில் நகம் பட்டாலே கீறல் விழும். சில நாளிலேயே வெளிப்பக்கத்தில், அடியை ஒட்டி, மெல்லிய கீறல்கள் தெரிந்தன. தேய்த்து எடுக்கப் போன அப்பாவின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

வருடத்துக்கு வருடம் புதிய கீறல்கள் மேலே ஏறுகின்றன. நேற்று விழுந்தது மேல்விளிம்பை ஒட்டி இருக்கிறது. தரையிலிருந்து அதுவரை அம்மா சாண் போட்டு அளந்தாள்.

“பழைய சட்டை ஒண்ணும் இனிப் பத்தாது கண்ணு,” என்றாள்.