எதிர்ச்சுற்று

பார்கோர் தெருவில் எல்லோரும் ஜோகாங் புத்தர் கோயிலை வலமாகச் சுற்றிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் மட்டும் இடமாக வந்துகொண்டிருந்தாள்.

இன்றோடு மூன்றாவது நாள்.

தூபச் சூளைக்குப் பக்கத்தில், அதில் போட்டு எரிக்கும் வாசனைத் தழை விற்கும் யூடோன் அவளை முதல் நாளே கவனித்துவிட்டாள். வடக்கே நாக்சூ மேய்ச்சல் நிலத்து ஆட்டுத்தோல் அங்கி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சுவரோரமாகவே நடந்தாள். கூட்டம் இடித்தது. சிலர் வைதார்கள். அவள் நின்று வழிவிட்டு, மறுபடி நடந்தாள்.

"பழைய போன் மதத்துக்காரியா இருக்கும். அவங்கதான் இடப்பக்கமா சுத்துவாங்க," என்றான் பக்கத்துக் கடையில் யாக் வெண்ணெய் விற்கும் நோர்கே.

"அவளுக்கு புத்தர் கோயில்ல என்ன வேலை?"

"வழி தப்பி வந்திருப்பா. உன்னை மாதிரி வாயாடிகிட்ட வழி கேட்டிருப்பா."

யூடோன் அவனைப் பொருட்படுத்தவில்லை. அந்த அம்மாள் கடையைத் தாண்டியபோது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். உதட்டில் ஓடியது 'ஓம் மணி பத்மே ஹூம்'தான். நம் மந்திரம்.

அப்படியானால் ஏன்?

அதற்கு மேல் யூடோனுக்கு வியாபாரம் ஓடவில்லை. கடையை நோர்கேயிடம் விட்டுவிட்டு எழுந்து போய், அவளோடு சேர்ந்து நடந்தாள்.

பத்தடி நடப்பதற்குள் விளங்கிவிட்டது.

இருபது வருடமாக யூடோன் இந்தத் தெருவைச் சுற்றுகிறாள். அத்தனை நாளும் பார்த்ததெல்லாம் முன்னால் போகிறவர்களின் முதுகு. இப்போது ஊரே முகம் முகமாக அவளை நோக்கி வந்தது. சிவந்த கன்னங்கள், பொக்கை வாய்கள், முணுமுணுக்கும் உதடுகள், துறவிகளின் மழித்த தலைகள்.

"யாரைத் தேடுறீங்கம்மா?"

"தேடலம்மா. எம்பொண்ணு இந்த ஊர்லதான் இருக்காளாம். லாரிக்காரங்க சொன்னாங்க. ஆறு வருசத்துக்கு முன்னால சண்டை. இனிமே என் முகத்துல முழிக்காதேன்னு நான்தான் சொன்னேன். சொன்னபடியே இருந்துட்டா."

"அடையாளம் சொல்லுங்க, நானும் பாக்குறேன். ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணா இருக்கட்டும்."

அந்த அம்மாள் நின்று, குரல் வந்த பக்கம் திரும்பினாள். இரண்டு விழிகளிலும் தயிராடை போல வெள்ளை படர்ந்திருந்தது.

"எனக்கு எங்கம்மா ரெண்டு கண்ணு? போன பனிக்காலத்தோட சரி. வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அவளை நான் பாக்க முடியாது. என் முகத்தை அவ பாக்கட்டும்னுதான் வந்தேன். நிக்கிறதும் போறதும் அவ இஷ்டம்."

கடையிலிருந்து நோர்கே கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

யூடோன் அந்த அம்மாளின் கையைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். தெருவின் நட்டநடுவுக்கு, எல்லோரும் பார்க்கிற இடத்துக்கு, அவளை அழைத்துப் போனாள்.