அப்பா காட்டிய ஏரி

“டம்டம் பாறையிலயும் நிறுத்தல, வெள்ளி அருவியிலயும் நிறுத்தல. பிறகு எதுக்குப்பா எங்களைக் கூட்டியாந்தீக?”

“ரோடு பூரா வளைவா இருக்கு. நைநைன்னு பேசாம வாத்தா.”

“வத்தலக்குண்டுல பிரியாணியக்கூட காருக்குள்ளயே தின்ன வச்சீக. நம்மூரு மிளகா மூடைகூட லாரியில காத்து வாங்கிக்கிட்டுப் போகுது. நாங்க அதைவிடக் கேடா?”

“ஐசு, வாயைக் குறை” என்றாள் முன் சீட்டில் இருந்த சொர்ணலட்சுமி, மகளைத் திரும்பிப் பார்க்காமலே.

ஐஸ்வர்யாவுக்கு வாய் எப்படிக் குறையும்? கொடைக்கானல் ஏரிக்காக அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து காத்திருக்கிறாள். அப்பா தங்கச்சாமிக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. கேட்கும்போதெல்லாம் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஆர்டர் முடியட்டும். லோடு போகட்டும். சீசன் கழியட்டும். அவள் காலேஜுக்கே வந்துவிட்டாள், சீசன் மட்டும் கழியவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் இன்று காலை விருதுநகர் வீட்டுக்குள் வேகமாக நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், “கிளம்புங்க, கொடைக்கானல் போறோம்” என்றபோது ஐஸ்வர்யா ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிற நேரத்தில் அவளுக்காக ஒரு மனுஷன் கம்பெனியைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறார். வேறென்ன வேண்டும்?

அந்தச் சந்தோஷம் உசிலம்பட்டி வருவதற்குள் செத்துப்போனது.

சொந்தக் கார் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று மாமாவின் பழைய காரை எடுத்தார். டிரைவர் வேண்டாம் என்றார். “நாலு நாளாச்சும் அது இல்லாம இருப்போம்” என்று அவளுடைய போனை அம்மா வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நாலு வழிச்சாலையை விட்டுவிட்டு கல்லுப்பட்டி வழியாகக் குலுங்கக் குலுங்க ஓட்டினார். “டோலுக்கு அழுற காசுலயா மாளிகை கட்டப் போறீக?” என்று அவள் கேட்டபோது இன்னும் வேகமாக மிதித்தார்.

சாயங்காலம் கார் ஏரிக்கரையில் நின்றது.

நாவல்களில் படித்துப் படித்து அவள் மனசுக்குள் கட்டி வைத்திருந்த ஊர் அப்படியே எதிரில் இருந்தது. தண்ணீரின் மேல் பனி படுத்திருந்தது. மரத்தாலான வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது. குடும்பம் குடும்பமாகச் சைக்கிள் மிதித்தார்கள். யாரோ சோளக்கதிர் சுட்ட வாசனை காருக்குள் வந்தது.

“இறங்குங்கப்பா. படகுல ஒரு சுத்து போயிட்டு வருவோம்.”

“நீயும் அம்மாவும் போயிட்டு வாங்க.” தங்கச்சாமி குரங்குக் குல்லாயைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் என்ன ஏரியவா கேட்டேன்? உங்ககூட ஏரியப் பாக்கணும்னு கேட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்குன்னு இருக்க மாட்டீகளா?”

“அறிவு இருக்காத்தா உனக்கு? எந்த நேரத்துல என்ன பேசுறதுன்னு இல்ல?”

சைக்கிளில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டென்று கண்ணாடியை ஏற்றினார்.

“அப்பாவுக்குத் தலைவலி, விடு” என்றாள் அம்மா.

“சரவெடி காதுக்குள்ள வெடிச்சாலும் வலிக்காது. மக பேசினா மட்டும் மண்டை வலிக்குது!”

தங்கச்சாமி கார் சாவியை உருவிக்கொண்டார். கதவைத் திறந்து, குனிந்த தலையோடு, ரூம் கேட்க எதிரே இருந்த காட்டேஜுக்கு நடந்தார். அம்மாவும் பின்னாலேயே போனாள்.

ஐஸ்வர்யாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முன்னால் எட்டி டேஷ்போர்டைத் திறந்தாள். உள்ளே அப்பாவின் போன் அணைந்து கிடந்தது. அதை உயிர்ப்பித்தாள். ஏரியைப் பின்னால் வைத்து இந்தக் காரை ஒரு படம் எடுக்க வேண்டும். ‘மகளை டூர் கூட்டி வந்து காருக்குள் அடைத்து வைத்த முதலாளி’ என்று அவருடைய ஸ்டேட்டஸிலேயே போட வேண்டும். கம்பெனியே பார்த்துச் சிரிக்கட்டும்.

கேமராவைத் தொடுவதற்குள் போன் அடித்தது. ‘பொன்மணி கம்பெனி’ என்று பெயர் வந்தது. பொன்மணி அவளுக்குத் தெரிந்த அக்காதான். கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் நாகையாவின் சம்சாரம். அங்கேயே பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்டுகிறவள்.

வந்துவிட்டது கம்பெனி, இங்கேயும்!

எடுத்ததுமே வெடித்தாள். “என்ன, ஆர்டரா, லோடா? அப்பா எங்ககூட டூர்ல இருக்காக. இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் எனக்குக் கிடைச்சிருக்காக. அவுகள நிம்மதியா இருக்க விடுங்களேன்!”

அந்தப் பக்கம் நிறையப் பெண்கள் அழுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு பொன்மணியின் குரல் வந்தது.

“வச்சிராதீக பாப்பா. காலையில கம்பெனி வெடிச்சதுல எங்க வீட்டுக்காரரும் போயிட்டாரு. ஆசுபத்திரியில ஆறு பேரு கரிக்கட்டையாக் கிடக்காக, எது யாருன்னே தெரியல. எந்த உடம்பு எந்த ரூம்ல கிடந்துச்சுன்னு மட்டும் சீட்டு கட்டி வச்சிருக்காக. கம்பெனியில எந்த ரூம்ல யார் வேலை செய்யணும்னு ஆள் பிரிச்சு விட்டது உங்க அப்பாதான். அவுக எங்க ஒளிஞ்சிருக்காகன்னு நான் கேக்கல, போலீசுக்கும் சொல்ல மாட்டேன். இன்னைக்கு எங்க வீட்டுக்காரரை எந்த ரூம்ல உக்கார வச்சாகன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க பாப்பா…”