கோவிந்த் எடுத்த படம்

"ஏன்னா, அந்த ராஜா சமாதி படம் இன்னும் வரலையே? நாளைக்குக் கட்டாயம் போய் எடுத்து அனுப்புங்கோ!"

சத்யபாமா மாமி போனில் அதட்டுவதைக் கேட்டு, பக்கத்து ஃபிளாட் ப்ரியம்வதாவுக்கு ஆத்திரமாக வந்தது.

கொரியாவில் கியோங்ஜு என்ற ஊரில் மாமியின் ஒரே பிள்ளை கோவிந்துக்கு வேலை. அம்மா, அப்பா இரண்டு பேருக்குமே டிக்கெட் போட்டிருந்தான். அதற்குள் மாமிக்கு நெஞ்சு வலி வந்து, திருச்சியில் ஸ்டென்ட் வைத்தார்கள். "நீங்களாவது போய்ப் பாத்துட்டு வாங்கோ" என்று சௌரிராஜன் மாமாவை மாமிதான் விரட்டி அனுப்பினாள்.

அவர் போன மூன்றாம் நாள் ரோட்டைக் கடந்த கோவிந்த் மேல் வேன் மோதியது. அங்கேயே போய்விட்டான்.

"அவளுக்குத் தெரிய வேண்டாம்மா. தாங்க மாட்டா. ஞாயித்துக்கிழமைதான் ஆஸ்பத்திரில அவனைக் குடுப்பாளாம். கொண்டு வந்து, நேர்ல நானே சொல்லிக்கறேன்" என்று மாமா ப்ரியம்வதாவிடம் மட்டும் சொல்லி அழுதார்.

ஐந்து நாளாக அவள் வாயைத் திறக்கவில்லை. மாமியோ வாயை மூடவில்லை.

"இன்னிக்கு எந்த மியூசியம்? படம் எங்கே?"

பிள்ளையைப் பிணவறையில் விட்டுவிட்டு, அந்த மனுஷர் மியூசியம் மியூசியமாகப் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றார். யார் கையிலோ போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லி, 'கோவிந்த்தான் எடுக்கறான்' என்று கீழே எழுதி அனுப்பினார்.

மாமி சுவாமி விளக்கேற்றக்கூட எழுந்திருப்பதில்லை. கேட்டால், "மேலுக்கு முடியலைடி." படம் கேட்க மட்டும் முடிகிறதாம்! 'கோவிந்த்கிட்ட குடுங்கோ' என்று ஒரு தடவையாவது கேட்டாளா? என்ன அம்மாவோ!

போன் சிணுங்கியது. புதுப் படம். ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பழைய மணி. அதன் முன்னால் மாமா.

"பாருடி. இந்த மணியை அடிச்சா, குழந்தை அம்மாவைக் கூப்பிடற மாதிரி கேக்குமாம். கோவிந்த் சொல்லியிருக்கான்."

ப்ரியம்வதாவால் அதற்குமேல் முடியவில்லை.

"போறும் மாமி! மாமாவை இப்படிப் படுத்தாதேங்கோ. பாவம், அவர்…" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போனில் பழைய படங்களைத் தள்ளிக் காட்டினாள்.

"முதல் ரெண்டு நாள் படம். நெத்தியைப் பாரு. பளிச்சுனு திருமண். மூணாம் நாள்லேர்ந்து வெறும் நெத்தி. அன்னிலேர்ந்து கோவிந்த் குரலும் இல்லை."

"மாமி…"

"முப்பத்தெட்டு வருஷத்துல, ஜுரத்துலகூட அவர் திருமண் இட்டுக்காம இருந்ததில்லை. எனக்காகச் சிரிக்கறார். பொய்யும் சொல்றார். ஆனா தீட்டுல திருமண் இட்டுக்க அவருக்குக் கை வரலைடி."

ப்ரியம்வதாவின் பார்வை அணைந்து கிடந்த விளக்குப் பக்கம் போனது.

"தெரிஞ்சுண்டுமா படம் கேக்கறேள்?"

"கேக்காட்டா ரூம் கதவைச் சாத்திண்டு ஒத்தையா உக்காந்துடுவார். படம் எடுக்கணும்னாலாவது நாலு மனுஷா நடுவுல போய் நிப்பார். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அங்கேயே உடைஞ்சு போயிடுவாரே. என் குழந்தையோட அவர் முழுசா வந்து சேரணும்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்தினாள்.

"ஏன்னா, மணி படம் வந்துது. கோவிந்த் ரொம்ப நன்னா எடுத்திருக்கான். அம்மா சொன்னான்னு அவன்கிட்ட சொல்லுங்கோ."