இலவசமாகப் போன கேசட்

மறைந்த அம்மாவின் குரலுக்கு அண்ணன் போட்டிருக்கும் விலை இருநூறு. டேப்ரெக்கார்டர் வாங்கினால் உள்ளே இருக்கும் கேசட் இலவசமாம். அதே விளம்பரம் ஒரே இணையதளத்தின் மூன்று குழுக்களில் தனித்தனியாகக் கிடக்கிறது. அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்ட தங்கை, கண்ணில் பட்ட குழுவில் மட்டும், “அண்ணா, விக்காதே. கேசட்ல அம்மா பேசுறாங்க” என்று நேற்றே எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறாள். அந்தத் தளத்தின் குழுக்களைப் பராமரிப்பதுதான் அவள் உத்தியோகம். மதிய வெயில் விசைப்பலகையில் விழ, மூன்று விளம்பரங்களின் கீழுள்ள விவாதங்களையும் ஒன்றாக்கும் பொத்தானை அழுத்துகிறாள். பதில்கள் நேர வரிசையில் வந்து உட்காருகின்றன. அவளுடையதற்கு நேர் கீழே யாரோ ஒருவர்: “வாங்கிட்டேன். கேசட்ல ஒரு அம்மா தொணதொணன்னாங்க, அழிச்சுட்டு என் பாட்டைப் பதிஞ்சுட்டேன். பிரமாதம்!” விரல் பொத்தானிலேயே ஒட்டிக்கொள்கிறது. தேநீரில் ஆடை படிகிறது. திரையின் அடியில் புதுப் பதில் ஒன்று முளைக்கிறது, அண்ணனுடையது: “நீ எழுதினதை இப்பத்தாம்மா பாக்கிறேன்.” விவாதங்கள் மூன்றும் ஒன்றாகிவிட்டன. பதில்கள் பதினேழும் வந்து சேர்ந்துவிட்டன. பாக்கி, அம்மா.